கயிற்றுப் பக்கம்

போன மாதம் எங்கள் பழைய மாட்டுக்கொட்டகையைப் பிரித்தோம். மாடு இல்லாமல் போய் இருபது வருடமாகிறது, ஓடும் பாதிக்கு மேல் சரிந்துவிட்டது. பிரிப்பதற்கு முன்னால் விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஐந்து மூங்கில் சுருள்களை இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் பதினெட்டு அடி. சாக்கில் சுற்றி மூன்று இடத்தில் கயிறு கட்டியிருந்தது. சாக்கின் மேல் ஐயா தாரைத் தொட்டு எழுதிவைத்த எழுத்து அப்படியே இருந்தது: முகப்பு. தெரு. வீடு. தர்பார். காடு.

ஐயா என்பது என் அப்பாவின் அப்பா. சிவகங்கைக்கும் காரைக்குடிக்கும் நடுவில் எங்கள் பக்கத்து ஊர்களில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'சீன்காரர்' என்றால் வீடுவரைக்கும் வழிகாட்டுவார்கள். திருவிழாவுக்கு நாடகம் வைக்கிற ஊர்களுக்குத் திரைச்சீலைகளை வாடகைக்குக் கொண்டுபோய்க் கட்டுவார். ராத்திரி முழுக்க ஏற்றி இறக்கி, விடிந்ததும் சுருட்டி எடுத்துவருவார். மாட்டு வண்டியில் ஆரம்பித்த தொழில், பஸ் கூரைக்கு மாறி, டெம்போவில் முடிந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் பகலில் தூங்குகிற ஐயாவைத்தான் எனக்குத் தெரியும்.

அவர் சீன் கட்டியது ஸ்பெஷல் நாடகத்துக்கு. தெற்கே இல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து வருவார், கோமாளியான பபூன் திண்டுக்கல்லிலிருந்து, ஆர்மோனியக்காரர் வேறெங்கிருந்தோ. நாடக அமைப்பாளர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தேதி வாங்கி, முன்பணம் கொடுத்து, எல்லார் படத்தையும் போட்டு நோட்டீஸ் அடித்துவிடுவார். அன்றைக்கு ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு மேடைக்குப் பின்னால்தான் இவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சில பேர் முதல் தடவையாகப் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. பத்து மணிக்கு ஆர்மோனியம் ஆரம்பித்தால் சூரியன் வருகிறவரை நாடகம் நடக்கும்.

எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். சங்கரதாஸ் சுவாமிகளால் நடக்கும். 1867-இல் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் இறந்துபோன அந்த மனிதர் எழுதிவைத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் இந்த நடிகர்களின் நாக்கில் இருந்தன. யார் எந்த ஊரிலிருந்து வந்தாலும் பாட்டு ஒன்று, விருத்தம் ஒன்று, கதை போகிற வழி ஒன்று. நடுவில் வருகிற வசனமும் தர்க்கமும் அன்றைக்கு அவரவர் திறமை. 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து அவர் ஒரு நாடக சபை தொடங்கினார். பின்னாளில் சொந்த நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் அதில்தான் சேர்ந்தார்கள். அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே ராத்திரியில் பாட்டும் வசனமுமாக சுவாமிகள் எழுதி முடித்ததை அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். எங்கள் ஐயாவுக்கு எழுதப் படிக்க அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் 'சாமிகள்' என்று சொல்லும்போது துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுவார்.

சுவாமிகளைப் பற்றி அவர் எனக்குச் சொன்ன முதல் கதை சனீஸ்வரன் கதை. நளன் நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, வேஷத்தைக் கலைப்பதற்காக விடியற்காலையில் தண்ணீர்க்கரைக்குப் போயிருக்கிறார். அந்த உருவத்தை எதிரில் கண்ட ஒரு பெண் பயந்து அங்கேயே உயிரை விட்டுவிட்டாளாம். அதற்குப் பிறகு அவர் அந்த மாதிரி வேஷம் கட்டவில்லை, எழுதவும் சொல்லிக்கொடுக்கவுமே இருந்தார் என்பது நாடகக்காரர்கள் எல்லாரும் சொல்லும் கதை. ஐயா இதைக் கதைக்காகச் சொல்லவில்லை. யாரும் வேஷத்தோடு மேடைக்கு வெளியே போகக்கூடாது என்பதற்காகச் சொன்னார். எமன் வேஷக்காரர் பீடி பிடிக்க வெளியே கிளம்பினால், அவர் முகத்தைக் கழுவுகிறவரை ஐயா பின்வாசல் கீற்றைத் திறக்க மாட்டார்.

நான் ஏழு வயதில் அவர்கூடப் போக ஆரம்பித்தேன். 1983 என்று நினைவு. மற்ற பிள்ளைகள் மண்ணில் சாக்கு விரித்து முன்னால் உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். நான் பார்த்ததெல்லாம் பக்கவாட்டில் நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு. வள்ளியின் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. இடது காது, ஜிமிக்கி, பின்னல், வியர்வையில் நனைந்த ஜாக்கெட் முதுகு, இவைதான் என் வள்ளி. அவர் பாட்டை முடித்துவிட்டு ஓரத்துக்கு வந்ததும் என் கையிலிருந்து சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடிப்பார். அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கிற பாக்கியம் முன்வரிசையில் இருந்த எவனுக்கும் கிடையாது என்று பெருமையாக இருக்கும்.

கயிறு பிடிப்பது சும்மா வேலை இல்லை. தெருவிலிருந்து காட்டுக்கு மாற வேண்டுமென்றால் தெருவைச் சுருட்டி மேலே ஏற்ற வேண்டும், பின்னால் காடு தயாராகத் தொங்க வேண்டும். எப்போது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் முடியாது, ஏனென்றால் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம் அரை மணியில் முடியுமா இரண்டு மணி நேரம் போகுமா என்று அவர்களுக்கே தெரியாது. கூட்டம் கைதட்டினால் நீளும், ஆள் எழுந்து டீக்கடைக்குப் போனால் சுருங்கும். அதனால் ஐயா எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்.

"மேடையப் பாக்காத. ஆர்மோனியக்காரர் கண்ணப் பாரு. அவரு அவுங்க கண்ணப் பாத்துக்கிட்டு இருக்காரு."

அப்படித்தான் இருந்தது. ஆர்மோனியக்காரர் பாடுகிறவரின் கண்ணைப் பார்ப்பார். மிருதங்கக்காரர் ஆர்மோனியக்காரரைப் பார்ப்பார். ஆல்ரவுண்ட் வாசிக்கிறவர், அதாவது பபூன் விழும்போது 'டம்' என்று அடிக்கிறவர், பபூனின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். பபூன் கூட்டத்தைப் பார்ப்பார். மேடையில் அத்தனை பேரும் அடுத்தவரைப் பார்த்தபடியே ராத்திரியை நகர்த்திக்கொண்டு போவார்கள். அந்த வரிசையில் கடைசி ஆள் நான்.

ஒரு தடவை தவறிவிட்டது. காளையார்கோவில் பக்கம் ஒரு ஊர், எனக்குப் பதினோரு வயது. விடியற்காலை மூன்று மணி இருக்கும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே தூங்கிப்போனேன். ஐயா பின்னால் தர்பாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆர்மோனியக்காரர் பார்த்தார், இருமினார், ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். திரை அசையவில்லை. வள்ளியாக நின்ற நடிகையம்மா ஒரு கணம்கூடத் தடுமாறவில்லையாம். சீன் மாற வேண்டிய இடத்தில் புதிதாக ஒரு விருத்தத்தை எடுத்து விஸ்தாரமாகப் பாட ஆரம்பித்தார். அந்த மேல்ஸ்தாயிச் சத்தத்தில்தான் எனக்கு முழிப்பு வந்தது. கயிற்றை இழுத்தேன், அழுதுகொண்டே இழுத்தேன்.

விடிந்ததும் ஐயா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். அந்த அம்மா முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார், "பிள்ளைய அடிக்காதீங்கண்ணே. அந்த விருத்தத்தப் பாடி எத்தனையோ வருசமாச்சு. நேத்துதான் வாய்க்கு வந்துச்சு." ஐயா ஓங்கிய கையை இறக்கிவிட்டார். நாடகத்தின் மேல் எனக்கு இருந்த ஆசை பக்தியாக மாறியது அந்தக் காலையில்தான்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான்.

அத்தை, அப்பாவுக்கு மூத்தவர், 1950-இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் நாடகத்துக்கு வருகிற நடிகைகளுக்கு ஊருக்குள் தங்க இடம் கொடுக்க மாட்டார்கள். மேடையில் வள்ளியாகக் கும்பிடுகிறவரைப் பகலில் திண்ணையில் உட்காரவிட மாட்டார்கள். பஸ்ஸிலும் அவர்கள் முக்காடு போட்டு, நடிகை என்று தெரியாதபடிதான் வருவார்கள். சுற்றுவட்டார நாடகம் என்றால் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்பத்தா கோழி அடித்துக் குழம்பு வைப்பார், கொல்லையில் வெந்நீர் போடுவார். நடிகைகள் தலைமுடியை உலர்த்திக்கொண்டே பாட்டுகளை முணுமுணுப்பார்கள். சின்னப் பெண்ணாக இருந்த அத்தை அவர்களுக்குச் சிக்கெடுத்து விடுவார். அப்படியே பதினைந்து வயதுக்குள் வள்ளியின் பாட்டு மொத்தமும், பவளக்கொடி பாதியும், சந்திரமதியின் புலம்பல் முழுவதும் அத்தைக்கு மனப்பாடம்.

அப்பத்தாவுக்கு இது தெரிந்தபோது வீட்டில் பெரிய சண்டை. நடிகைகளுக்குச் சோறு போட்ட அதே அப்பத்தாதான். அவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் என்பதால்தான் மகளுக்கு அது வேண்டாம் என்றார். கே.பி. சுந்தராம்பாளைச் சொல்லிப் பயமுறுத்துவாராம். சுந்தராம்பாளின் கணவர், நாடகப் பாடகர் கிட்டப்பா 1933-இல் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்றைக்கு உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை. "அம்புட்டுப் பெரிய குரலுக்கே அந்தக் கதி, ஒனக்கு எதுக்கு ஆத்தா?" என்பது அப்பத்தாவின் கேள்வி. அத்தையோ அதே கதையை எனக்கு வேறு மாதிரி சொல்வார். "வெள்ளச் சேலயோட வந்து நின்னாலும் அவங்க பாடினா ஊரே எந்திரிச்சு நின்னுச்சுடா."

1970-இல் அத்தைக்குக் கல்யாணம் ஆனது. உள்ளூரிலேயே, இரண்டு தெரு தள்ளி. மாமா ரேஷன் கடையில் இருந்தார், நல்ல மனுஷன். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பாக்கு வெற்றிலை மாற்றும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்: பொண்ணு இனிமேல் மேடைக்குப் பின்னால் போகக்கூடாது. கூத்தாடி என்கிற சொல் அந்தச் சபையில் ஒரு தடவை விழுந்திருக்கிறது. ஐயா எழுந்துபோய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாராம். அதே சொல்லை நானும் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வாயால் கேட்டேன். அதை விடுங்கள்.

பின்னால் போகக்கூடாது என்றுதானே சொன்னார்கள். அத்தை முன்னால் போனார். எட்டு மைல் சுற்றளவில் எந்த ஊரில் நாடகம் என்றாலும், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு நாலு பெண்களோடு நடந்தே வந்துவிடுவார். எப்போதும் கடைசி வரிசை, சேலைத் தலைப்பு தலைக்கு மேல். நான் கயிற்றுப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்ப்பேன். மேடை வெளிச்சம் அங்கே லேசாகத்தான் விழும். ஆனாலும் அத்தையின் உதடு அசைவது தெரியும். வள்ளிக்கு முன்னாலேயே அசையும்.

அரிச்சந்திரா மயான காண்டம் வைக்கிற ராத்திரிகளில் மட்டும் அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். செத்த மகனை எரிக்கக் காசு இல்லாமல் சந்திரமதி முந்தானையை ஏந்திக்கொண்டு மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் வருவார். பெண்கள் சுருக்குப்பையை அவிழ்ப்பார்கள். பத்துப் பைசா, நாலணா, சில கிழவிகள் ஒரு ரூபாய். நாடகம் என்று தெரிந்துதான் போட்டார்கள், அழுகையும் நிஜம்தான். சந்திரமதி கடைசி வரிசைக்கு வந்ததும் அத்தை காசைப் போட்டுவிட்டு அந்தக் கையை ஒரு நிமிஷம் விடமாட்டார். ஒரு தடவை அந்த நடிகையும் விடவில்லை. சிறுவயதில் எங்கள் கொல்லையில் அத்தை சிக்கெடுத்துவிட்ட அம்மாவாக இருந்திருப்பாரோ என்று பின்னாளில் கேட்டேன். அத்தை பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நான் அத்தை வீட்டுக்குப் போவேன். ஆட்டுக்கல்லில் மாவு ஓடிக்கொண்டிருக்கும். "நேத்து அவ அந்த எடத்துல அவசரப்பட்டுட்டா" என்று ஆரம்பிப்பார். தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிற 'ஆலோலம்' எப்படி ஆரம்பிக்க வேண்டும், முதல் 'ஆ' எங்கே நிற்க வேண்டும், கவணைச் சுழற்றுகிற கை எந்தச் சொல்லில் விட வேண்டும் என்று குழவியைச் சுற்றிக்கொண்டே காட்டுவார். நான் வேடன், நான் கிழவன், நானே நாரதர். தர்க்கத்தில் அவர் கேட்கிற கேள்விக்கு நான் சொந்தமாகப் பதில் சொல்ல வேண்டும், நேற்றைக்குச் சொன்ன பதிலைத் திரும்பச் சொன்னால் மாவுக் கையால் தலையில் ஒரு குட்டு. எனக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் அவர்தான். மாமா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் அதட்டவில்லை. சில நாள் பேப்பரில் ஒரு பக்கம்கூடப் புரட்டாமலே இருந்ததை நான் கவனித்திருக்கிறேன்.

சீன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் காட்டை எழுதியவர் கோவில்பட்டியில் தொழில் பார்த்தவர் என்பார் ஐயா. திரைச்சீலையை 'வரைந்தார்' என்று சொல்ல மாட்டார்கள், சீன் 'எழுதுவது' என்பதுதான் வழக்கு. கோவில்பட்டி என்றால் கொண்டையராஜு. நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதுகிறவராக வந்து 1940-களில் அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். அவரும் அவர் சீடர்களும் எழுதிய சாமி படங்கள்தான் பிறகு காலண்டர்களாகத் தமிழ்நாட்டுச் சுவர் முழுக்கத் தொங்கின. அதனால் எங்கள் வீட்டுக் காலண்டர் முருகன் நிற்கிற மலையும், ஐயாவின் காட்டுச்சீனில் இருக்கிற மலையும் ஒரே மலையாக இருக்கும். அது எல்லாருக்கும் தெரிந்த மலை, நாம்தான் இன்னும் போகவில்லை என்றுதான் சின்ன வயதில் நம்பினேன்.

1993-இல் மதுரையில் கல்லூரி சேர்ந்தேன். அங்கே நவீன நாடகம் அறிமுகமானது. நிஜ நாடக இயக்கம் 1978-இலேயே மதுரையில் தொடங்கி, வீதியிலும் அரங்கிலும் வேறு விதமான நாடகங்களைப் போட்டுக்கொண்டிருந்த காலத்தின் சூடு அப்போதும் இருந்தது. கல்லூரியில் நாங்களும் ஒரு நாடகம் போட்டோம். நாற்பது நாள் ஒத்திகை. எந்த வார்த்தையில் எந்தக் கால் நகர வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறித்திருந்தோம். எனக்கு அது பிரமிப்பாக இருந்தது. ஒத்திகை என்ற ஒன்றையே அப்போதுதான் பார்க்கிறேன். அதில் கற்றுக்கொண்டது நிறைய, இன்றைக்கும் மதிக்கிறேன்.

நாடகத்தன்று அத்தை மாமாவோடு பஸ் ஏறி வந்துவிட்டார். முதன்முதலாக நடு வரிசையில், தலையில் சேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நல்லா இருந்துச்சுடா. எல்லாரும் நல்லாப் பேசுனீங்க" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை வேறு எதுவும் பேசவில்லை. பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஏன்டா, அங்க யாரும் யாரையும் பாக்கவே இல்லையே?"

முப்பது வருடமாக அந்தக் கேள்வியோடுதான் நாடகம் பார்க்கிறேன். நடிக்கிறவர்கள் வசனம் தெரிந்த தைரியத்தில் எதிரில் இருப்பவரை மறந்துபோகிற தருணம் எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரியாதவன்தான் எதிராளியின் கண்ணை அப்படிப் பார்ப்பான். ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு வேறு வழி இல்லை. மதுரைக்காரரும் புதுக்கோட்டைக்காரரும் முதல் தடவையாகச் சந்தித்து, அன்றைக்கே காதலித்து, விடியும்போது கல்யாணம் செய்ய வேண்டும். பார்க்காமல் முடியாது. இதைக் கூத்து என்றும் பழசு என்றும் தள்ளிப் பேசுகிறவர்கள் ஒரே ஒரு ராத்திரி மேடை ஓரத்தில் நின்று பார்த்தால் போதும்.

ஐயா 1998-இல் போனார். அதற்குள் தொழில் மாறிக்கொண்டிருந்தது. ஊருக்கு ஊர் சிமெண்ட் நாடக மேடை வந்தது, நல்லதுதான். அப்புறம் ஃபிளக்ஸ் வந்தது. மலையும் அருவியும் ஒரு நாளில் அச்சாகி வந்தபோது, வண்ணம் உதிர்கிற காடாத்துணியைக் கேட்க ஆள் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி வந்த பிறகு ஒவ்வொரு நாடகத்துக்கும் அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தது. பத்து மணிக்குத்தானே நாடகமே ஆரம்பிக்கும்! அப்பா ஷாமியானா பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற தொழிலுக்கு மாறினார். சுருள்கள் கொட்டகைக்குப் போயின. 2020-இல் பங்குனித் திருவிழாக்கள் தொடங்கும் நேரத்தில் ஊரடங்கு வந்தது. அடுத்த வருடமும் சித்திரையில் அதே கதை. வருடத்தில் நாலு மாதச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டு மாதம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு வருடம் அடுப்பு அணைந்தது. ஆர்மோனியத்தை விற்றவர்களை எனக்கே தெரியும். அதையெல்லாம் தாண்டி இன்றைக்கும் வள்ளி திருமணம் நடக்கிறது. இந்தச் சித்திரையிலும் எங்கள் ஊரில் நடந்தது. அத்தைக்கு எழுபத்தைந்து வயது, முட்டி வலி. பிளாஸ்டிக் நாற்காலியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சரி, சுருள்களுக்கு வருகிறேன். முகப்பும் தர்பாரும் கரையானுக்குப் போய்விட்டன, தொட்டதும் கையோடு வந்தன. தெருவில் எலி புகுந்திருந்தது. வீடு பரவாயில்லை. காடு மட்டும் ஓரங்களைத் தவிர முழுசாக இருந்தது. ஈரம் ஏறியிருந்ததால் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், தண்ணீர்த் தொட்டிக் கம்பத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையில் கட்டி வெயிலில் தொங்கவிட்டோம். ஒரு பக்கக் கயிறு என் கையில், மறுபக்கம் என் மகன் கையில். நாற்பது வருடம் கழித்து முதன்முறையாக அந்தக் காட்டை நேருக்கு நேராகப் பார்த்தேன். நடுவில் ஒரு மான் இருக்கிறது. எனக்கு அது தெரியவே தெரியாது.

அத்தை சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வந்து காட்டுக்கு எதிரில் நிற்காமல், நேராக நடந்து அதன் முன்னால் போய், எங்கள் பக்கம் திரும்பி நின்றார். முந்தானையை இழுத்துச் செருகினார். இடது கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். பிறகு என் மகனை, என்னை, எங்கள் கையிலிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் இன்னும் ஒரு முழம் தூக்குடா. தரையில கிடக்கு பாரு காடு."

தூக்கினோம்.